கணக்கு நம்முடையது, சாவியும் நம்மிடமே இருக்கட்டும்

ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் செயலி வெளியிட்டுப் பிழைக்கும் ஒருவருக்கு அன்றாடப் பதிவிறக்கக் கணக்குதான் திசைகாட்டி. எந்த நாட்டில் விற்பனை ஏறுகிறது, விலையைக் குறைக்கலாமா, உதவிக்கு இன்னொருவரை வேலைக்கு வைக்கக் கட்டுப்படியாகுமா என்பதையெல்லாம் அதை வைத்தே முடிவுசெய்கிறார். அதே கணக்கு போட்டியாளருக்கும் முதலீட்டாளருக்கும் கிடைத்தால், அவர்களுக்கும் அது காசு. எனவே, இந்தப் புள்ளிவிவரத்தைத் திரட்டிக் காட்டும் செயலி, கணக்கை உரியவரின் கைபேசியைத் தாண்டி எங்கும் அனுப்பாதபடி உருவாக்கப்பட வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2010-இல் தொடங்கப்பட்ட ஆப் ஆனி நிறுவனம், செயலி உருவாக்குநர்களுக்கு இலவசமாகக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. அதற்கு ஈடாக அவர்களுடைய விற்பனைத் தரவு அதன் கைக்கு வந்தது. பலருடைய தரவோடு சேர்த்து, அடையாளம் நீக்கிய பிறகே அதைப் பயன்படுத்துவோம் என்று அந்நிறுவனம் உறுதியளித்திருந்தது. ஆனால், 2014 இறுதியிலிருந்து 2018 நடுப்பகுதி வரை, அடையாளம் நீக்காத தரவைக் கொண்டே தன் மதிப்பீடுகளைத் திருத்தி, முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2021-இல் குற்றம்சாட்டியது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், சுமார் 1 கோடி டாலர் கட்டி நிறுவனம் விவகாரத்தை முடித்துக்கொண்டது. பின்னர் டேட்டா.ஏஐ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனத்தை 2024-இல் சென்சர் டவர் வாங்கியது. நமக்கு வாக்குக் கொடுத்த நிறுவனமே நாளை கைமாறலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

முன்பெல்லாம் இத்தகைய சேவைகளிடம் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையே ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஆப்பிளிடமிருந்து தரவைச் செயலிகள் நேரடியாகப் பெற வழிசெய்யும் ஆப் ஸ்டோர் கனெக்ட் ஏபிஐ 2018-இல் அறிவிக்கப்பட்ட பிறகு அந்தக் கட்டாயம் குறைந்தது. இப்போது, விற்பனை அறிக்கையைப் பார்க்க மட்டும் அனுமதி உள்ள ஒரு சாவியை உருவாக்கிக்கொள்ளலாம். ஒரேயொரு முறைதான் பதிவிறக்க முடிகிற சிறு கோப்பு அது. அதைக் கைபேசியின் ரகசியப் பெட்டகமான கீசெயினில் பூட்டி வைத்தால் போதும். செயலி அந்தச் சாவியால் கையொப்பமிட்டு, அதிகபட்சம் 20 நிமிடம் செல்லுபடியாகும் அனுமதிச்சீட்டைத் தயாரித்து, நேராக ஆப்பிளிடம் அறிக்கை கேட்கிறது. வருவது சுருக்கப்பட்ட ஓர் உரைக்கோப்பு: நாட்டின் குறியீடு, எண்ணிக்கை, ஒன்றுக்குக் கிடைத்த வருவாய், நாணயம் என வரிவரியாக இருக்கும். ஒரு வரியின் வகைக் குறியீடு ‘1எஃப்’ என்றிருந்தால் முதல்முறைப் பதிவிறக்கம். ‘7எஃப்’ என்றிருந்தால் புதுப்பிப்பு. இதைக் கூட்டிக் கழித்து வரைபடமாக்கச் சாதாரணக் கைபேசியே போதும். இடையில் இன்னொருவரின் சர்வருக்கு வேலையே இல்லை.

இந்த முறையில் இழப்புகளும் உண்டு. போட்டியாளரின் விற்பனை மதிப்பீடு இதில் கிடைக்காது. நாள்வாரி அறிக்கைகளை ஓராண்டுக்கு மட்டுமே ஆப்பிள் வைத்திருப்பதால், கைபேசி தொலைந்தால் பழைய விவரமும் போய்விடும். மறையாக்கம் செய்த காப்புப் பிரதி எடுக்கும் வசதி அவசியம். ஆனால், அடுத்தவர் விற்பனையைத் தெரிந்துகொள்ள நம் விற்பனையை விலையாகக் கொடுப்பது சிறு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாத பேரம்.

ஆப்பிளும் ஒரு படி முன்னே வர வேண்டும். விற்பனை அறிக்கைக்கான சாவி இன்று ஒரு நிறுவனத்தின் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக இருக்கிறது. அதை ஒரே செயலிக்கென வரையறுக்க வழி வேண்டும். இத்தகைய கருவிகளை உருவாக்குவோர் மூல நிரலை வெளியிட்டு, சாவி எங்கே இருக்கிறது, எந்த முகவரியோடு செயலி பேசுகிறது என்பதை யாரும் சோதித்தறிய இடம்தர வேண்டும். தனியுரிமைக் கொள்கையை ஒரு நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். தன்னிடம் வந்தே சேராத தரவை எந்த நிறுவனத்தாலும் விற்க முடியாது.