கட்டி கரைந்த பிறகும் ஏன் மருந்து?

"கட்டிதான் கரைஞ்சிருச்சே மிஸ். இனி எதுக்குக் கண்டிக்குப் போகணும்? போற நாளெல்லாம் பேர் போகுது." ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில், மார்புப் புற்றுநோய்க்கு இரண்டு தடவை மருந்தேற்றிய அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான் தோழியரே. நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் கூட்டிப் பார்ப்பவருக்கு வேறெப்படித் தோன்றும்?

பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹவார்ட் ஸ்கிப்பர் குழுவினர் இரத்தப் புற்றுநோயுள்ள எலிகளை ஆராய்ந்து 1964இல் அதை எழுதினார்கள். மருந்து இத்தனை கலங்கள் என்று எண்ணிக் கொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் இருப்பவற்றில் ஒரு பங்கையே கொல்கிறது.

ஒரு சென்ரிமீற்றர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி கலங்கள் இருக்கலாம். விளங்குவதற்காக, ஒரு தடவைக்குப் பத்தில் ஒன்பது சாகிறது என்று வைப்போம். முதல் தடவைக்குப் பின் மிச்சம் 10 கோடி. இரண்டாவதற்குப் பின் 1 கோடி. கைக்கு ஒன்றும் தட்டுப்படாது, ஆனால் உள்ளே 1 கோடி! அது ஏழு தடவை இரட்டித்தால் மறுபடி 100 கோடியைத் தாண்டிவிடும். கட்டி சிறுத்திருக்கும்போதே வளர்ச்சி வேகம் கூடுகிறது என்று 1977இல் நோர்ட்டன், சைமன் இருவரும் காட்டினார்கள். தவணைகளுக்கிடையே நாட்களை வைத்தியர்கள் இறுக்கிப் பிடிப்பது அதனாலும்தான்.

மனித உடம்பு இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக்கு அடங்காது. எத்தனை தடவை என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

தவணை தவறிவிட்டதா? கூச்சப்பட்டு வீட்டிலிருக்காமல் உடனே கிளினிக் கொப்பியோடு போங்கள். இடம்பெயர்ந்ததில் கொப்பி தொலைந்தவர்களும் போகலாம். எங்கே, எந்த மாதம் மருந்தேற்றினீர்கள் என்று சொன்னாலே போதும், விசாரிக்கத் தொடங்குவார்கள்.