அச்சமும் வேண்டா, ஆரவாரமும் வேண்டா!



அறிவியல் செய்தி ஒன்று நம் மக்களை வந்தடையும்போது, பெரும்பாலும் இரண்டு வடிவங்களில்தான் வந்தடைகிறது. ஒன்று அச்சம்: "உலகம் அழியப் போகிறது!" மற்றொன்று ஆரவாரம்: "இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்!" ஹிக்ஸ் என்னும் நுண்துகளைத் தேடிய வரலாற்றில் இவ்விரண்டையும் ஒருசேரக் காணலாம். பார்வைக்கு இவை எதிரெதிரானவை. ஆயினும் இரண்டும் செய்யும் கேடு ஒன்றே. பிள்ளைகளின் கேள்வி கேட்கும் ஆற்றலை இரண்டுமே முளையிலேயே கிள்ளிவிடுகின்றன என்பது என் கருத்து.

2008: அச்சம்

2008ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், சுவிட்சர்லாந்து – பிரான்சு எல்லையில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் புரோட்டான் கற்றை முதன்முறையாக முழுச்சுற்று வந்தது. செர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவி இயங்கத் தொடங்கிய நாள் அது. அன்று துகள்கள் ஒன்றோடொன்று மோதவும் இல்லை. கற்றை சுற்றி வந்தது, அவ்வளவே. ஆனால், 'கருந்துளை தோன்றிப் பூமியை விழுங்கப் போகிறது' என்ற வதந்தி அதற்கு முன்பே உலகைச் சுற்றி வந்துவிட்டது!

இந்தியத் தொலைக்காட்சிகள் சில இதனை நாள்கணக்கில் ஊதிப் பெரிதாக்கின. ஒடிசாவில் மக்கள் கோயில்களில் திரண்டு வேண்டினர், நோன்பிருந்தனர். மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுச் சிறுமி ஒருத்தி அச்செய்திகளைப் பார்த்துப் பார்த்து மனம் கலங்கி, தன் உயிரையே மாய்த்துக் கொண்டாள். அவள் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்விக்கு அமைதியாக மறுமொழி சொல்ல யாரேனும் ஒருவர் அருகில் இருந்திருந்தால்? இன்றுவரை என் நெஞ்சை உறுத்தும் வினா இது.

அப்பொழுது நான் கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்து வந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. "ஐயா, பூமி அந்தக் கருந்துளைக்குள்ளே போய்விடுமா?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய மனத்திலும் அதே கேள்விதான் இருந்திருக்கிறது.

வெண்பலகையில் பூமியை வரைந்தேன். அண்டவெளியிலிருந்து வரும் கதிர்களை அம்புக்குறிகளாக வரைந்தேன். "செர்ன் இயந்திரம் செய்யும் மோதலைவிட ஆற்றல்மிக்க மோதல்கள் நம் காற்றுமண்டலத்தில் இடைவிடாது நிகழ்ந்து வருகின்றன. பூமி பிறந்து ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இத்தகைய மோதலால் பூமி அழியும் என்றால், அது எப்பொழுதோ அழிந்திருக்க வேண்டும் அல்லவா?" என்றேன். செர்ன் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2008 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின் முதன்மையான வாதமும் இதுவே. அந்த மாணவி சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இப்போதுகூட நம் தலைக்கு மேலே மோதிக்கொண்டிருக்கிறதா, ஐயா?" என்றாள். அச்சம் வியப்பாக மாறிவிட்டது. அதற்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிடமும் ஓர் எழுதுகோலும் மட்டுமே!

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2003 முதல் நம் நாட்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டு வந்தன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அக்கொள்கை கைவிடப்படும் என்ற அறிவிப்பு 2009இல்தான் வந்தது. ஆகவே, அந்த மாணவி அறிவியலை ஆங்கிலத்தில் படித்தாள். ஆனால் அச்சத்தைத் தமிழில் கேட்டாள். வதந்தி தாய்மொழியில் வருகிறது. விளக்கம் மட்டும் பிறமொழியில் வந்தால் வெல்வது எது? துகள், கருந்துளை, அண்டக்கதிர் ஆகிய சொற்கள் நம் வகுப்பறைகளில் இயல்பாகப் புழங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வெறும் மொழிப்பற்றினால் அன்று.

2012: ஆரவாரம்

2012 ஜூலை 4ஆம் நாள், ஹிக்ஸ் துகளை ஒத்த புதிய துகள் ஒன்றைக் கண்டறிந்ததாகச் செர்ன் அறிவித்தது. உடனே நம்மவரிடையே வேறொரு குரல் எழுந்தது. "கடவுள் துகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அவனன்றி ஓரணுவும் அசையாது என்பது மெய்யாகிவிட்டது" என்று பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பேசக் கேட்டேன். நான் இறைநம்பிக்கையை இழித்துரைக்கவில்லை. நம்பிக்கைக்கு ஒரு துகளின் சான்றிதழ் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

'கடவுள் துகள்' என்ற பெயரின் கதை வேடிக்கையானது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லியோன் லெடர்மேன் 1993இல் வெளியிட்ட நூலுக்கு அப்பெயரைச் சூட்டினார். எளிதில் அகப்படாத அதனைப் 'பாழாய்ப்போன துகள்' என்று அழைக்கவே தாம் விரும்பியதாகவும், பதிப்பாளர் அதற்கு இசையவில்லை என்றும் அவரே நகைச்சுவையாக எழுதினார். 1964இல் அத்துகளை முன்னுரைத்தவரும், 2013இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவருமான பீட்டர் ஹிக்ஸ் அப்பெயரை விரும்பவே இல்லை. அவர் 2024இல் மறைந்தார். பெயர் மட்டும் மறையவில்லை.

அடுத்து, செர்ன் வளாகத்து நடராசர் சிலை. 2 மீட்டர் உயரமுள்ள அச்சிலையை இந்திய அரசு அன்பளிப்பாக வழங்க, 2004 ஜூன் 18ஆம் நாள் அது திறந்து வைக்கப்பட்டது. செர்ன் நிறுவனத்தோடு இந்திய அறிவியலாளர்கள் கொண்டிருந்த நெடுநாள் உறவின் அடையாளம் அது. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தியே. ஆனால் புலனத்தில் வலம்வரும் செய்தி என்ன? 'அறிவியலாளர்கள் நடராசரை வணங்கித்தான் ஆய்வைத் தொடங்குகிறார்கள்' என்பது! வேறு சில நாடுகளிலோ அதே சிலையைக் காட்டி, 'அங்கே பேய் வழிபாடு நடக்கிறது' என்று அச்சுறுத்துகிறார்கள். ஒரே சிலை, ஒருபுறம் ஆரவாரம், மறுபுறம் அச்சம். அன்பளிப்பாக வந்த சிலை என்னும் எளிய உண்மையை இருசாராருமே கேட்டறியவில்லை.

மெய்யான பெருமை நமக்கு இல்லாமலா போயிற்று? 'போசான்' என்ற சொல்லில் வாழ்பவர் கல்கத்தாவில் பிறந்த சத்தியேந்திரநாத் போசு. 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து அவர் ஐன்சுடைனுக்கு அனுப்பிய கட்டுரை இயற்பியலின் போக்கையே மாற்றியது. அவர் ஹிக்ஸ் துகளை முன்னுரைக்கவில்லை. ஒருவகைத் துகள்கள் அனைத்துக்கும் பொருந்தும் கணக்கை வகுத்தார். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் போசின் பெருமை குறைந்துவிடாது; கூடவே செய்யும்.

இன்னொன்று கேளுங்கள். கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் நிலத்துக்கடியில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965இல், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். உலகிலேயே அவ்வகையில் முதன்முதலாகக் கிடைத்த சான்றுகளுள் அதுவும் ஒன்று. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள்! நம் பாட்டன்மார் கிள்ளான் தோட்டங்களில் பால்மரம் சீவியதுபோல, அங்கே நம்மவர் பாறையைக் குடைந்தார்கள். அந்தச் சுரங்கத்தில்தான் அறிவியல் கருவிகளை நிறுவ முடிந்தது. இச்செய்தியை எந்தப் புலனக் குழுவிலாவது கண்டதுண்டா? உழைப்பால் வந்த பெருமையை மறந்துவிட்டு, உழைக்காமல் வரும் பெருமைக்குக் கைதட்டுகிறோம்.

தேனி சொல்லும் பாடம்

கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. நியூட்ரினோ ஆய்வைத் தொடர்வதற்குத் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டனர். இந்திய அமைச்சரவை 2015இல் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2021இல் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் வலியுறுத்தினார்.

அந்த எதிர்ப்பில் இருவகைக் குரல்கள் இருந்தன. 'நியூட்ரினோ கதிர்வீச்சு மக்களைக் கொல்லும்' என்பது ஒன்று. இதில் உண்மையில்லை. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் கோடி கோடியாக ஒவ்வொரு நொடியும் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. நாம் உணர்வதே இல்லை. 'பாறையை வெடி வைத்துத் தகர்த்தால் எங்கள் நீர்நிலைக்கும் காட்டுக்கும் என்ன ஆகும்? எங்களை முறையாகக் கேட்டீர்களா?' என்பது மற்றொன்று. இது அருமையான கேள்வி! அறிவியலாளர்கள் மறுமொழி சொல்லக் கடமைப்பட்ட கேள்வி. வதந்தியின் இரைச்சலில் இந்த நல்ல கேள்வியையும் சேர்த்து 'அறியாமை' என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆகவே, அச்சப்படுவோரை எள்ளி நகையாடுவது தீர்வாகாது. அச்சத்தில் எது கேள்வி, எது வதந்தி என்று பிரித்தறியப் பழக வேண்டும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

நான் கையாளும் எளிய நடவடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். மூடிய காலணிப் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்து இரண்டு குழுக்களிடம் மாறி மாறிக் கொடுப்பேன். திறக்கக்கூடாது. குலுக்கலாம், சாய்க்கலாம், எடை பார்க்கலாம். ஒரு குழு மற்றொரு குழுவிடம் பேசக்கூடாது. இறுதியில் உள்ளே இருப்பது கோலியா, நாணயமா என்று காரணத்தோடு எழுத வேண்டும்.

செர்ன் செய்ததும் ஏறத்தாழ இதுவே. ஹிக்ஸ் துகளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தோன்றிய கணத்திலேயே அது சிதைந்துவிடும்; சிதறல்களைக் கொண்டே அதனை அறிந்தனர். அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்தன. வெறும் தற்செயலால் அத்தகைய தடயம் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று என்ற நிலையை எட்டிய பின்னரே அறிவித்தனர். நாணயத்தைச் சுண்டும்போது தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட முறை தலையே விழுவது போன்ற அரிய நிலை அது.

2015 டிசம்பரில் இன்னொரு புதிய துகளின் சாயல் இரு குழுக்களின் தரவுகளிலும் தென்பட்டது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவுகள் வந்தபோது அச்சாயல் மறைந்துபோனது. 'அப்படியொரு துகள் இல்லை' என்று அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். பிள்ளைகளுக்கு நான் மிகவும் விரும்பிச் சொல்லும் பகுதி இதுதான். விரும்பியது கிடைக்காதபோதும் உள்ளதை உள்ளபடி சொல்வதே அறிவியல்.

அந்தச் சி.எம்.எஸ். குழுவில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இடம்பெற்றுள்ளனர். பிரிக்பீல்ட்சிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான்! நம் பிள்ளைகள் அந்தத் தொலைவைக் கடக்க முடியாதா? முடியும். ஆனால், வீட்டில் ஒரு செய்தி வரும்போது அதை அப்படியே அடுத்தவருக்கு அனுப்பும் பெற்றோரைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது கடினம்.

2022 ஜூலையில் அதே மோதுவி மீண்டும் இயங்கியபோது, 'வேற்றுலகத்துக்கு வாயில் திறக்கிறார்கள்' என்ற புதிய வதந்தி கைப்பேசிகளில் பரவியது. இனியும் வரும். அப்பொழுது நாம் செய்ய வேண்டியது எளிது. பிள்ளையை அருகில் அமர்த்தி, "இது எப்படித் தெரியும்? யார் சொன்னது? எப்படிச் சோதித்தார்கள்?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டாலும் குற்றமில்லை. இருவரும் சேர்ந்து தேடுங்கள். உலகம் அழியும் என்று சொன்னாலும் கேளுங்கள். நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று சொன்னாலும் கேளுங்கள். தேடி அறிந்ததைத் தமிழிலேயே பேசிப் பாருங்கள். இது நம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.