டப்பிங் குரலை ஏன் பூட்டி வைக்கிறீர்கள்?

டப்பிங் படம் என்றாலே முகத்தைச் சுளிப்பது படித்தவர்களின் வழக்கமாகிவிட்டது. "உதடு ஒன்று சொல்லுது, குரல் ஒன்று சொல்லுது, இதெல்லாம் ஒரு படமா?" என்பார்கள். ரசனைக்கு அந்தப் பேச்சு சரியாக இருக்கட்டும். அயல்மொழி படிக்கிறவனுக்கு டப்பிங்கைப் போல மலிவான, பொறுமையான வாத்தியார் வேறு இல்லை என்பது என் கட்சி. அந்த வாத்தியாரை நம் வீட்டு வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, உள்ளே விடாமல் பூட்டு போட்டிருக்கிறார்களே, அதுதான் என் ஆத்திரம்.

இது எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். குமாஸ்தா உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, வடகரையில் உட்கார்ந்திருக்கிறேன். அடவிநயினார் அணையும் மேக்கரையும் பக்கத்தில். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்குத்தான் போவார்கள். இப்போது நர்ஸிங் முடித்த பெண்கள் ஜெர்மனி என்கிறார்கள். இந்தியத் திறனாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 விசா என்றிருந்ததை 90,000 ஆக உயர்த்துவதாக 2024-ல் அந்த நாடு அறிவித்தது. அங்கே செவிலியராக அங்கீகாரம் பெற, பொதுவாக ஜெர்மன் மொழியில் பி-2 நிலை தேற வேண்டும். வகுப்புக்குக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். இலக்கணம் வந்துவிடுகிறது, காதுதான் பழகவில்லை. "ஐயா, நீங்க வேற பாஷையில படிச்சவங்க, காது பழக என்ன செய்யணும்?" என்று கேட்டு வருகிறார்கள்.

நான் சொல்லும் பதில் ஒன்றுதான். உனக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை அந்த மொழியில் பார்.

இது புது உபாயம் அல்ல. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் ராமாயணம் ஓடியது. இந்தி ஓர் எழுத்து தெரியாத பாட்டிமார் எல்லாம் பார்த்தார்களே, எப்படி? கைகேயி என்ன கேட்கப் போகிறாள் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கதை தெரிந்ததால் காது சொல்லைத் தேடிப் பிடித்தது. இன்னும் பக்கத்தில் வருகிறேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர். இன்றும் புனலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவனுக்கு மலையாளம் வேண்டும். அவனிடம் நான் சொல்வது: முதலில் 'பாபநாசம்' பார், பிறகு 'த்ருஷ்யம்' பார். இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப், கதையும் ஒன்றே. சுயம்புலிங்கம் என்ன செய்வான் என்று தெரிந்தவனுக்கு ஜார்ஜ்குட்டியின் பேச்சு பாதி விளங்கிவிடும். மறுபடம் செய்யும் இந்த வேலையைத்தான் டப்பிங்கும் செய்கிறது. ஒரே முகம், ஒரே காட்சி, மொழி மட்டும் வேறு.

"மூல மொழிப் படத்தையே பார்க்கலாமே, டப்பிங் போலியல்லவா?" என்று ஒரு கேள்வி வரும். 'சங்கராபரணம்' இங்கே தெலுங்கிலேயே ஓடியது, மக்கள் கொண்டாடினார்கள், மறுக்கவில்லை. அதைப் பார்த்து எத்தனை பேர் தெலுங்கு பேசக் கற்றார்கள்? ரசிப்பது வேறு, கற்பது வேறு. மூலப் படத்தில் நடிகர் முணுமுணுப்பார், மழை பெய்யும், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். டப்பிங் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் நின்று பேசுவது. பெரும்பாலும் சொல் தெளிவாக விழும். அதுவும் கலைதான். கமல்ஹாசனுக்குத் தெலுங்கில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரல் கொடுத்ததைப் போலி என்று ஆந்திராவில் சொல்லிப் பாருங்கள்! பிரான்சில் துப்பறியும் கொலம்போ என்றால் மக்கள் காதில் ஒலிப்பது செர்ஜ் சோவியோன் குரல்தான். முதலில் டப்பிங்கில் காதைத் தீட்டட்டும், மூலத்துக்குப் பிறகு போகட்டும்.

ஹாலந்தும் ஸ்வீடனும் பெரும்பாலும் எழுத்து ஓடவிட்டுப் பார்க்கும் நாடுகள். ஜெர்மனியும் பிரான்சும் அப்படியல்ல, வெளிநாட்டுச் சரக்கையெல்லாம் தங்கள் மொழியில் பேச வைத்தே பழகியவை. ஆக, ஜெர்மன் குரலும் பிரெஞ்சுக் குரலும் மலை போலக் குவிந்து கிடக்கின்றன. தென்காசிப் பெண்ணுக்கு அது ஏன் எட்டவில்லை?

டிவிடி காலத்திலேயே பூட்டு தொடங்கியது. ஒரு வட்டில் 8 மொழி ஒலி வரை வைக்கலாம். ஆனால் பிரான்சின் வட்டுக்கு மண்டல எண் 2, இந்தியாவுக்கு 5. அங்கிருந்து உறவினர் அனுப்பினாலும் இங்குள்ள பெட்டி ஓட்டாது. இணையம் வந்தால் எல்லாம் திறக்கும் என்றார்கள். இப்போது உரிமையை நாடு நாடாகக் கூறு போட்டு விற்கிறார்கள். அதே படம், அதே கம்பெனி, பிரான்சில் பிரெஞ்சு உண்டு, இங்கே கிடையாது. நான் சந்தா கட்டிய ஒரு கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். "உங்கள் பகுதியில் இந்த மொழி இல்லை" என்று ஒற்றை வரி பதில். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் நான், காரணம் எழுதாமல் மனுவைத் திருப்பினால் மேலதிகாரி விடமாட்டார்.

இருக்கிற குரலையும் மறைத்து வைப்பது இன்னொரு கூத்து. நெட்ஃபிளிக்ஸ் சொந்தமாகத் தயாரிப்பவற்றில் பலவற்றுக்கு ஜெர்மனும் பிரெஞ்சும் உண்டு. ஆனால் ஒலிப் பட்டியலில் அது கண்ணில் படாமல் போகலாம். கணக்கின் மொழியை ஜெர்மனுக்கு மாற்றிப் பாருங்கள், பல நேரம் வெளியே வரும். இதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டுமா?

இன்னொரு எச்சரிக்கை. டப்பிங் பேச்சும் கீழே ஓடும் எழுத்தும் பல சமயம் ஒத்துப்போகா. ப, ம போன்ற ஒலிக்கு உதடு மூட வேண்டும், அதற்கேற்பச் சொல்லை மாற்றிப் பேசுவார்கள். எழுத்தைச் சுருக்கி வேறாக எழுதுவார்கள். கற்கிறவர் குழம்பிப் போவார். பேசியதை அப்படியே எழுதித் தருவது கம்பெனிகளுக்குப் பெரிய செலவா? எழுத்து ஒவ்வாவிட்டால் அதை அணைத்துவிட்டு, ஒரே காட்சியை மூன்று முறை கேளுங்கள்.

இது நம் தமிழுக்கும் பொருந்தும். சுட்டி டிவி 2007-ல் வந்தது. அதில் டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசியதை உங்கள் பேரப்பிள்ளைகள் வாய்மூடாமல் பார்த்திருப்பார்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்றுத்தரவே உண்டான தொடர் அது. பாரிஸில் பிறந்த நம் வீட்டுக் குழந்தை ஒன்று அதே டோராவைத் தமிழில் கேட்டால், தாத்தாவோடு பேச நாலு வார்த்தை வராதா? அங்கேயும் நாட்டெல்லைதான் குறுக்கே நிற்கிறது.

படம் பார்த்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வாத்தியார்கள் சொல்லச் சொல்ல எழுதவைத்து, பிழைக்குப் பிழை மதிப்பெண் வெட்டித்தான் எனக்கு பிரெஞ்சு வந்தது. இலக்கணம் சோறு, இது குழம்பு. வெறும் சோற்றைத்தான் நம் பிள்ளைகளுக்குக் கடனுக்குப் போடுகிறோம்.

கேட்பது பெரிதல்ல. உள்ள குரல்கள் அனைத்தையும் பட்டியலில் காட்டுங்கள். விலை வேண்டுமானால் விலை சொல்லுங்கள், "உங்கள் பகுதியில் இல்லை" என்று சொல்லாதீர்கள். 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி நடத்துகிற நம் அரசு, வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புவதில் பெருமைப்படுகிற நம் அரசு, ஜெர்மன் பேசும் நாலு குழந்தைத் தொடர்களுக்கு உரிமை வாங்கி, தினம் அரைமணி ஒளிபரப்பட்டும். பி-2 தேர்வில் ஒருமுறை தவறினால் அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் போகிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது. பேசி முடித்துப் பதிவும் செய்துவிட்ட ஒரு குரலை அவள் காதுக்கு எட்டவிடாமல் பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.