ஒற்றைத் தொண்டரின் தோளில் ஒரு சமூகத்தின் நினைவகம்

புலம்பெயர்ந்த தமிழர் வாழும் நாடுகளில் நடைபெறும் ஊர்ச் சங்கக் கூட்டங்களிலும் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களிலும் தவறாது இடம்பெறுவது நன்றியுரை. மண்டபம் ஒழுங்கு செய்தவருக்கு நன்றி, ஒலியமைப்புச் செய்தவருக்கு நன்றி, சிற்றுண்டி வழங்கியவருக்கு நன்றி. இறுதியில், பலரும் இருக்கையை விட்டு எழத் தொடங்கிய பின்னர், "எமது இணையத்தளத்தைப் பராமரித்துவரும் தம்பிக்கும் நன்றி" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியோடு அடுத்த ஆண்டுவரை அந்தத் தம்பியும் மறக்கப்படுகிறார். அந்தத் தளமும் மறக்கப்படுகிறது.

அந்தத் தம்பி இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது தளத்தை உருவாக்கியிருப்பார். இன்று அவருக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், இரவில் அழைக்கும் அலுவலகம். தளத்தின் கட்டணம் இன்றும் அவருடைய கடனட்டையிலிருந்தே கழிகிறது. கடவுச்சொல் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் நோயுற்றால், நாடு மாறினால், செயற்குழுவோடு மனக்கசப்புக் கொண்டு விலகினால் என்ன நடக்கும் என்ற கேள்வியை எந்தப் பொதுக்கூட்டமும் எழுப்புவதில்லை.

அந்தத் தளத்தில் என்ன இருக்கிறது? ஊரின் வரலாறு இருக்கிறது. போரில் உருத்தெரியாமல் போன வீதிகளின் பெயர்களும், பாடசாலையின் பழைய ஒளிப்படங்களும், கோயில் தேர்த் திருவிழாப் படங்களும், மறைந்த ஆசிரியர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளும் இருக்கின்றன. எழுதியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. 1981ஆம் ஆண்டு யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதை ஆண்டுதோறும் நினைவுகூரும் ஒரு சமூகம், தன் கையால் தொகுத்த நினைவுகளை ஒரு சிறு கட்டணத்தைச் செலுத்தத் தவறியதால் இழக்குமாயின், அதற்கு வெளியார் எவரையும் குற்றஞ்சாட்ட முடியாது.

ஓர் இணையத்தளம் எவ்வாறு அழிகிறது என்பதைப் பெற்றோரும் இளையோரும் அறிந்துகொள்ள வேண்டும். தளத்தின் முகவரியாகிய ஆளுகைப்பெயர் விலைக்கு வாங்கிய காணி அன்று. அது தவணைக் குத்தகை. டொட் கொம், டொட் ஓர்க் போன்ற பெயர்களில் குத்தகை முடிந்த பின்னர் பதிவு நிறுவனம் அதிகபட்சம் 45 நாட்கள் வரை பெயரை வைத்திருக்கலாம். அதன்பின் நீக்கப்படும் பெயரை மீட்பதற்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு; ஆனால் வழக்கமான கட்டணத்தைவிடப் பன்மடங்கு கேட்கப்படும். அதுவும் கடந்தால் 5 நாட்களில் பெயர் விடுவிக்கப்பட்டு, உலகில் எவரும் அதனைப் பதிந்துகொள்ளலாம். கைவிடப்பட்ட பெயர்களுக்காகக் காத்திருந்து பதிவோர் பலர். ஊர்க் கோயிலின் படம் இருந்த பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் தோன்றுவது இவ்வாறுதான்.

முன்னறிவித்தல் வரவில்லையா என்று கேட்கலாம். வந்திருக்கும். ஆனால் அது தொண்டர் என்றோ கைவிட்ட பழைய மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். அல்லது அதே ஆளுகைப்பெயரில் இயங்கிய சங்க மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். பெயர் முடக்கப்பட்டதும் அந்த மின்னஞ்சலும் செயலிழந்துவிடும். கணக்கினுள் நுழைய இரண்டாம் கட்டக் குறியீடு தேவை. அது தொண்டரின் கைத்தொலைபேசிக்கே செல்லும். பூட்டிய வீட்டினுள் சாவியை வைத்துவிட்டு வெளியே நிற்கும் நிலை இது. ஒரு குடும்பம் உணவகத்தில் ஒரு வேளை உண்ணும் செலவைவிடக் குறைந்த ஆண்டுக் கட்டணத்துக்காக இருபது ஆண்டு உழைப்பு போகிறது.

கட்டணம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. சமூகத் தளங்கள் பல வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் இயங்குகின்றன. இவற்றை இலவசமாகப் பெறலாம். பராமரிக்காமல் இருக்க முடியாது. ட்ரூபல் 7ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாளோடு முடிவுற்றது. இம்மென்பொருள்களுக்கு அடித்தளமாக உள்ள பிஎச்பி மொழியின் 7.4ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022ஆம் ஆண்டு நவம்பரோடு நின்றுவிட்டன. அதன்பின் கண்டறியப்படும் ஓட்டைகளை அம்மென்பொருளை உருவாக்கியோர் அடைக்கமாட்டார்கள். புதுப்பிக்கப்படாத தளங்களைத் தேடித் திரிபவை தானியங்கி நிரல்கள். அவற்றுக்குத் தமிழர் தளம் என்றோ தொண்டு நிறுவனத் தளம் என்றோ வேறுபாடு தெரியாது.

இங்கே இழக்கப்படுவது கட்டுரைகள் மட்டுமல்ல. உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், நன்கொடை விபரம் ஆகியனவும் தரவுத்தளத்தில் உள்ளன. தாயகத்தில் உறவினரைக் கொண்டுள்ள மக்களுக்கு இது எத்தகைய பொறுப்பு என்பதை விளக்கத் தேவையில்லை. சட்டமும் இதனைப் பொறுப்பாகவே பார்க்கிறது. 2018ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, தனிநபர்களுக்குப் பாதிப்பை ஏற்படுத்தக்கூடிய தரவுக் கசிவை, அறிந்த 72 மணித்தியாலங்களுக்குள் உரிய அதிகாரசபைக்கு அறிவிக்க வேண்டும். தொண்டர் அமைப்பு என்பதற்காக இக்கடமை இல்லாமற் போவதில்லை. "எல்லாம் தம்பிக்குத்தான் தெரியும்" என்பது அங்கே பதிலாக ஏற்கப்படமாட்டாது.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் எழுவதுண்டு. "இக்காலத்தில் இணையத்தளம் எதற்கு? முகநூல் பக்கமும் வட்சப் குழுவும் போதாதா?" என்று கேட்போர் பலர். அன்றாடச் செய்தியைப் பரிமாற அவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை வேறொருவர் வீட்டுத் திண்ணை. வீட்டுக்காரர் கதவை அடைத்தால் திண்ணையில் வைத்த பொருளும் போய்விடும். எண்ணற்ற தனிநபர்களும் சிறு அமைப்புகளும் முதன்முதலாகத் தளம் அமைத்த ஜியோசிட்டீசை யாகூ நிறுவனம் 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மூடியது. இணைய ஆவணகமும் தன்னார்வலர்களும் அவசர அவசரமாகப் பிரதியெடுத்த அளவே எஞ்சியது. உலகெங்கும் சங்கங்களும் நண்பர் வட்டங்களும் உரையாடிய யாகூ குழுமங்களின் சேமிப்பு 2019ஆம் ஆண்டு டிசம்பரில் நீக்கப்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் சேவையே நின்றது. 2015ஆம் ஆண்டுவரை பயனர் பதிவேற்றிய பெருந்தொகையான பாடல்கள் வழங்கி இடமாற்றத்தின்போது தொலைந்துவிட்டதாக மைஸ்பேஸ் 2019இல் ஒப்புக்கொண்டது. அந்நிறுவனங்களுக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. இழந்தோருக்கு மீளாத இழப்பு.

உதவி என்ற சொல்லைச் செயற்குழுக்கள் தவறாகப் புரிந்துகொண்டுள்ளன என்பதே இச்சிக்கலின் வேர். வழங்கிக்குக் கட்டணம் செலுத்தினால் அந்நிறுவனமே அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் என்று பலர் எண்ணுகின்றனர். வழங்கி நிறுவனம் கணினி இயங்குவதற்கே பொறுப்பு. தளத்தின் மென்பொருளை அது புதுப்பிக்கும் என்றோ, அழிந்த கட்டுரையை மீட்டுத் தரும் என்றோ ஒப்பந்தத்தில் இல்லையெனில் அதனை எதிர்பார்க்க முடியாது. மறுபுறம், கட்டற்ற மென்பொருளுக்கு உலகெங்கும் உதவும் வல்லுநர் சமூகங்கள் உண்டு. ஆனால் "தளம் வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் அங்கே எவரும் உதவ முடியாது. எந்தப் பதிப்பு, எந்தப் பிழைச்செய்தி, எந்த மாற்றத்தின் பின்னர் நேர்ந்தது என்று சொல்லத் தெரிந்த ஒருவரும், அதை எழுதிவைத்த ஓர் ஏடும் சங்கத்திடம் இருக்க வேண்டும். தன் வீட்டின் மின்னிணைப்பு எங்கே உள்ளது என்று அறியாதவருக்கு மின்பணியாளரும் உதவ இயலாது.

ஒருவரை மட்டும் நம்பாத தமிழ் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் வந்துள்ளனர். எழுத்துக் குறியீடு மாறிய காலத்தில் நூல்கள் தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்கும் கொண்டுசெல்லப்பட்டன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு நிருவாகி ஓய்வெடுத்தால் இன்னொருவர் பணியைத் தொடர்வார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் 2005ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர் உழைப்பாலும் கொடையாலும் வளர்ந்து நிற்கிறது. பணியும் பொறுப்பும் பகிரப்பட்டதால் இவை நிலைத்தன.

அவ்வாறெனில் ஊர்ச் சங்கங்கள் ஏன் பகிர்வதில்லை? இங்கே கசப்பான ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இளையோர் வருவதில்லை என்று மேடையில் வருந்தும் அதே செயற்குழு, வரும் இளையோரிடம் சாவியைத் தருவதில்லை. தளம் பழுதானால் "கணினி தெரிந்த பிள்ளை" அழைக்கப்படுகிறார். பழுது நீங்கியதும் அவர் கருத்துச் சொல்ல இடமில்லை. வடிவமைப்பை மாற்ற அனுமதி இல்லை. என்ன எழுதுவது என்பதில் குரல் இல்லை. இரண்டு முறை இவ்வாறு நடத்தப்பட்ட இளைஞர் மூன்றாம் முறை தொலைபேசியை எடுக்கமாட்டார். அதன்பின் "இந்தத் தலைமுறைக்குப் பற்றில்லை" என்று முடிவு கட்டப்படுகிறது.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. அரங்கேற்றத்துக்குப் பெருந்தொகை செலவிடுவதைப் பெருமையாகக் கருதும் இல்லங்களில், பிள்ளை சனிக்கிழமை இரவு சமூகத் தளத்தைச் சீர்செய்வது நேரவிரயமாகப் பார்க்கப்படுகிறது. கலை வளர்வது நன்று. அந்தக் கலையின் ஆவணமும் வாழ வேண்டுமல்லவா?

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே செய்யக்கூடிய பணி ஒன்று காத்திருக்கிறது. பழைய தளங்கள் பலவற்றின் ஆக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். தேடுபொறியில் தமிழில் தேடினால் கிடைக்கமாட்டா. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. கருவியை இயக்குவது பிள்ளைக்கு எளிது. மாற்றத்தில் நேர்ந்த பிழையைக் கண்டு, "இது எங்கள் ஒழுங்கையின் பெயர், இப்படித்தான் எழுத வேண்டும்" என்று திருத்துவது தாய் தந்தையரால் மட்டுமே இயலும். வார இறுதித் தமிழ் வகுப்பில் கிடைக்காத பாடத்தை அந்த ஒரு மணித்தியாலம் தரும்.

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலும் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. ஆளுகைப்பெயர் யாருடைய பெயரில் பதிவாகியுள்ளது? அது காலாவதியாகும் நாள் எது? சங்கத்தின் கணக்கிலிருந்து கட்டணம் செலுத்தப்படுகிறதா? முழு அணுக்கம் உடையோர் குறைந்தது மூவராவது இருக்கின்றனரா, அவர்களுள் ஒருவர் முப்பது வயதுக்கு உட்பட்டவரா? காப்புப்பிரதி வழங்கியிலேயே உள்ளதா, வேறிடத்திலும் உள்ளதா? அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீளமைத்து எப்போதாவது பரிசோதித்தார்களா? பொருளாளர் அறிக்கையில் இணையத்தளத்துக்கென ஒரு வரி உண்டா? குறித்த நாளில் செய்தே தீரவேண்டிய பாதுகாப்புப் பணிகளுக்கு ஊதியம் கொடுத்து ஒரு தொழில்முறையாளரை அமர்த்துவது தொண்டுக்கு இழுக்கன்று. தொண்டரின் நேரத்தை எழுத்துக்கும் ஆவணத்துக்கும் அது மீட்டுத் தரும்.

இக்கேள்விகளுக்கு மேடையில் இருப்போரால் பதில் கூற இயலாதெனில், அன்றைய கூட்டத்தின் முதன்மைப் பொருள் அதுவாகவே இருக்கட்டும். அடுத்த ஆண்டுக்கான மண்டப முற்பணத்தை அதன்பின் பேசிக்கொள்ளலாம்.

இருபது ஆண்டுகள் தனியாகச் சுமந்தவர் நன்றியுரையில் இறுதி வரியை எதிர்பார்த்திருக்கவில்லை. மறுபக்கத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னும் இருவர் வரவேண்டும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. அவர் இறக்கி வைக்கும் நாளுக்கு முன்னர் அந்த இருவரும் வந்தாக வேண்டும்.