சந்தைக் கணக்கு மட்டும் போதுமா?

இணையத்தளம் கட்டும் கருவிகளில் கொழும்புக் கம்பெனிகள் கேட்பது ரியாக்ட்டும் லாராவெல்லும்தானாம். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குப் வெப்2பை போன்ற பேர் தெரியாத பிரேம்வொர்க்கைக் காட்டுவது அவர்களின் பிழைப்பைக் கெடுக்குமாம். வேலைக் கணக்கு சரி. ஆனால் அது பாதிக் கணக்கு.

2004 டிசம்பர் 26இல் சுனாமி மட்டக்களப்பின் நாவலடியைத் துடைத்துப் போட்ட பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய இலங்கை நிரலாளர்கள் எழுதிய மென்பொருள்தான் சஹானா. முதலில் பிஎச்பி மொழியில் எழுதினார்கள். பிறகு 'ஈடன்' என்று பைதானில் புதிதாக எழுதியபோது பேர்போன ஜாங்கோ பிரேம்வொர்க்கை எடுக்கவில்லை, வெப்2பையை எடுத்தார்கள். சிகாகோப் பேராசிரியர் மாசிமோ டி பியெரோ மாணவர்களை மனதில் வைத்து 2007இல் வெளியிட்டது அது.

வெப்2பையைப் பென்டிரைவில் கொண்டுபோய் விரித்தால் ஓடும். நிறுவும் வேலையே இல்லை. 'முகாம், ஆள், தேவை' என்று அட்டவணையை ஒருமுறை எழுதினால் படிவம் தானே வரும். திரையில் வரும் சொற்களுக்கு உலாவியிலேயே தமிழ் நிரப்பலாம், கோட்டைத் தொடத் தேவையில்லை. கரண்டும் இணையமும் போன முகாமில் இவைதான் பெரிய விஷயம். நிரலாளர்கள் கிட்ஹப் தளத்தில் கொடுக்கும் நட்சத்திரங்களா அங்கே சோறு போடும்?

வெப்2பையை ஆக்கியவரே இப்போது பை4வெப் பக்கம் போய்விட்டார் என்பீர்கள். உண்மைதான், அதனால் அதையே கட்டி அழச் சொல்லவில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வகுப்புகளில் ரியாக்ட் தாராளமாக நடக்கட்டும். கூடவே ஒரு பின்னேரம் ஈடனின் மாடல் கோப்பொன்றைத் திறந்து, அட்டவணை எப்படிப் படிவமாகிறது என்று பிள்ளைகளையே தேட விடுங்கள்.