மலிவு என்பது யாருடைய நிலுவை?

அமெரிக்கச் சேமிப்பறை ஏலங்களைப் பற்றிய காணொளிகளை நண்பர்கள் சிலர் அண்மையில் ஆர்வத்தோடு பகிர்ந்து வருகின்றனர். சில நூறு டாலருக்கு ஓர் அறை, உள்ளே புதையல் என்பதே அவற்றின் சாரம். 2010இல் தொடங்கிய 'ஸ்டோரேஜ் வார்ஸ்' தொலைக்காட்சித் தொடர் இக்கனவைப் பரவலாக்கியது. ஆவணங்களை நம்பி ஆய்வு செய்பவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வாடகை செலுத்தத் தவறியவரின் பொருள்களை விற்று நிலுவையை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையை மாநிலச் சட்டங்கள் சேமிப்பக உரிமையாளருக்கு வழங்குகின்றன. முதலில் அறிவிப்பு அனுப்பப்படும், பிறகு விளம்பரம், இறுதியாக ஏலம். ஏலதாரர்கள் வாசலில் நின்று சில நிமிடங்கள் எட்டிப் பார்க்கலாம். உள்ளே நுழையவோ பொருள்களைத் தொடவோ பொதுவாக அனுமதி இல்லை. இணையவழி ஏலத்தில் சில நிழற்படங்கள் மட்டுமே. வென்றவர் ஓரிரு நாள்களில் அறையைத் துடைத்துக் கொடுக்க வேண்டும். வண்டி வாடகை, ஆள்கூலி, ஏலக் கட்டணம், குப்பையை அகற்றும் செலவு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாதவருக்கு மலிவாகக் கிடைத்த அறையும் நட்டமே. அனுபவசாலிகள் புதையலைத் தேடுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு மட்டும் விலை கணித்து, அவ்வெல்லையைத் தாண்டாமல் நின்றுவிடுகிறார்கள். பேரத்தின் நுட்பம் இவ்வளவுதான்.

ஆனால் சில அறைகளில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்துவிடுகிறது. விவியன் மேயர் என்பவர் சிகாகோவில் பல பத்தாண்டுகள் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். வாடகை பாக்கிக்காக அவருடைய சேமிப்பறைப் பொருள்கள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. நெகட்டிவ்கள் அடங்கிய ஒரு பெட்டியை ஜான் மலூஃப் ஏறத்தாழ 400 டாலருக்கு வாங்கினார். தம் குடியிருப்புப் பகுதியைப் பற்றிய நூலுக்குப் பழைய படங்கள் தேவைப்பட்டன என்பதே காரணம். மேயர் அப்போது உயிரோடு, அதே நகரில்தான் இருந்தார். 2009 ஏப்ரலில் மறைந்தார். சில நாள்கள் கழித்து அவர் பெயரை இணையத்தில் தேடிய மலூஃபுக்குக் கிடைத்தது இரங்கல் குறிப்பு. இன்று இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான தெருப் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவராக மேயர் மதிக்கப்படுகிறார்.

இதனை வரலாற்றின் மிகச் சிறந்த பேரம் என்பார்கள். நான் தயங்குகிறேன். அந்த ஏலம் இல்லையேல் படங்கள் குப்பைமேட்டுக்குப் போயிருக்கலாம் என்பது உண்மைதான். மலூஃபின் உழைப்பும் பெரிது. ஆயினும் நெகட்டிவை வாங்கியவருக்குச் சொந்தமாவது பொருள் மட்டுமே; பதிப்புரிமை அன்று. அவ்வுரிமை யாருக்கு என்ற கேள்வி 2014இல் நீதிமன்றம் ஏறியது. தம் படங்களை உலகம் பார்க்கலாமா என்று மேயரிடம் கேட்க யாருக்கும் வாய்க்கவில்லை.

இது எங்கோ நடந்த கதை அன்று. தில்லி தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில், அது நடைபாதையில் இருந்த காலத்தில், ஒரு கட்டுக் கடிதங்களை 150 ரூபாய்க்கு வாங்கினேன். என் ஆய்வேட்டின் ஓர் இயலுக்கு அவை பொன்போல் பயன்படும். எழுதியவர் யார், அக்கடிதங்கள் எந்த வீட்டிலிருந்து எப்படி வெளியேறின என்பது தெரியாது. "தனியார் சேகரிப்பு" என்று அடிக்குறிப்பிட்டு முடித்துவிடலாம். எவரும் கேட்கப் போவதில்லை. அந்த வசதிதான் உறுத்துகிறது.

ஏலத்தில் வாங்குவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அறைகலனுக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஏல விதி போதும். கடிதம், நாட்குறிப்பு, குடும்பப் படம் ஆகியவற்றை உரியவரிடம் சேர்க்க அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பல ஏலங்கள் நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன. சந்தைக்கே இருக்கும் இந்தக் கூச்சம் ஆய்வுலகத்துக்கு வேண்டாமா? குறைந்தபட்சம் எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினோம், உரியவரைத் தேட என்ன செய்தோம் என்பதை ஆய்வேட்டில் பதிவு செய்வோம்.

கட்டிலிருந்த உறையொன்றில் ஒரு முகவரி இருக்கிறது. சென்ற வாரம் அதற்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்த இயல் காத்திருக்கும்.