கத்தியா, கடப்பாரையா?

ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஷாட் ஷோ என்றொரு கண்காட்சி நடக்கும். அங்கே துப்பாக்கிகள்தான் மாப்பிள்ளை, கத்திகள் வெறும் மாப்பிள்ளைத் தோழன். ஆனாலும் மடக்குக் கத்திப் பிரியர்களுக்கு அந்த வாரம்தான் தீபாவளி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு மாதிரிக் கத்தியின் மங்கலான போட்டோ வெளியே வந்தால் போதும், கடைக்கு வர இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்போதே முன்பதிவுப் பணம் தயார். அதிலும் "ஹார்டு யூஸ்", அதாவது முரட்டு வேலைக்கானது என்ற வார்த்தை சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

இந்த முரட்டுக் கத்தியின் லட்சணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அலகின் முதுகு நாலு மில்லிமீட்டர் கனம். நுனி உளி மாதிரி தடித்து, டான்டோ என்ற ஜப்பானியப் பெயரோடு இருக்கும் (பழைய ஜப்பானிய டான்டோவுக்கும் இந்த அமெரிக்கக் கோண நுனிக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், அது வேறு கதை). பாக்கெட்டில் போட்டால் பேன்ட் ஒரு பக்கமாக இறங்கும். இத்தனையும் சேர்ந்து அது செய்ய வேண்டிய வேலை வெட்டுவது. அதைத்தான் அது உருப்படியாகச் செய்வதில்லை.

காரணம் எளிது. கத்தி என்பது ஓர் ஆப்பு. மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள அலகின் முதுகு இரண்டு மில்லிமீட்டர் என்றால் ஆப்பின் கோணம் நாலு டிகிரிக்கும் குறைவு. முதுகு நாலு மில்லிமீட்டர் ஆனால் கோணமும் ஏறக்குறைய இரட்டிப்பு. அதோடு விடுகிறார்களா? "பலம்" வேண்டுமென்று அலகின் பாதி உயரத்திலிருந்துதான் சரிவையே ஆரம்பிக்கிறார்கள். கோணம் இன்னொரு மடங்கு கூடுகிறது. இப்படிப்பட்ட கத்தியால் ஆப்பிளை நறுக்கினால் அது வெட்டுப்படாது, பிளக்கும். தடித்த அட்டைப்பெட்டியில் இறக்கினால் பாதியில் சிக்கி நிற்கும். சிக்கியதும் ஆள் பலத்தைக் கூட்டுவார். கை வழுக்குவதும் விரல் கிழிவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கனம் கூடினால் பலம் கூடாதா என்றால், கூடும். கனத்தை இரட்டிப்பாக்கினால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மடக்குக் கத்தி என்பது ஏற்கெனவே நடுவில் முறிந்த கத்தி அய்யா! அலகையும் பிடியையும் சேர்த்து வைத்திருப்பது சுண்டுவிரலைவிட மெல்லிய ஓர் ஆணி. மரத்தில் சிக்கிய அலகை மேலும் கீழும் ஆட்டி எடுக்கும்போது முதுகில் விழும் அழுத்தம் முழுவதும் பூட்டுக்குப் போகிறது. ஆணியிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி இருபது கிலோ பாரம் என்றால், ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் பூட்டின் மீது நூற்றெண்பது கிலோ. நெம்புகோல் தத்துவம், பள்ளிக்கூடப் பாடம்தான். ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ட்ரை-ஆட் பூட்டு இந்தப் பாரத்தைத் தடுப்பு ஆணிக்குக் கடத்திவிடுகிறது. அது உண்மையான முன்னேற்றம், பாராட்ட வேண்டும். ஆனால் அந்த முன்னேற்றம் பூட்டில் வந்தது, அலகின் கனத்தில் அல்ல. பூட்டு தோற்றால் மடங்கும் அலகு மெல்லியதா தடித்ததா என்று விரல் பார்க்கப் போவதில்லை.

கணக்குப் பாஷையில் சொன்னால் இது ஒரு இன்ஷூரன்ஸ். என்றைக்கோ ஒருநாள் கதவை நெம்ப வேண்டி வரலாம் என்ற பயத்துக்கு, தினமும் ஒவ்வொரு வெட்டிலும் பிரீமியம் கட்டுகிறார் வாங்கியவர். சரி, அந்த நாள் வந்தேவிட்டது, நெம்பினார், நுனி உடைந்தது. கிளெய்முக்குப் போனால்? பெரும்பாலான கத்திக் கம்பெனிகளின் வாரன்டியில் முறைகேடான உபயோகத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். நெம்புவது அந்தக் கணக்கில்தான் வரும். விற்கும்போது முரட்டு வேலை, உடைந்தால் முறைகேடு! இப்படி ஒரு பாலிசியை எந்த ஏஜென்டாவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய ஆட்கள் முட்டாள்கள் இல்லை. பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890-ல் தன் கத்தியை வடிவமைத்தது விவசாயிகளுக்காக. ரொட்டி, பாலாடைக்கட்டி, திராட்சைக் கொடி, மரக்குச்சி எல்லாவற்றுக்கும் அதே கத்திதான். எட்டாம் நம்பர் ஒபினெல்லின் அலகு எட்டரை சென்டிமீட்டர் நீளம், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம், பிடி பீச் மரம். மொத்தமே ஐம்பது கிராம் வராது. 1955-ல் ஒரு வளையப் பூட்டைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவிலேயே 1964-ல் வந்த பக் 110-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பித்தளையும் மரமுமாக அது 200 கிராம் கனக்கும் கத்திதான். ஆனால் அலகின் இரு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்திருப்பதால் விளிம்புக்கு அருகில் மெல்லிசு. மான் உரிக்கிறவனுக்கு அதுதான் தேவை என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதில் பெரிய வேடிக்கை எஃகு விஷயம். 2021-ல் வெளிவந்த மேக்னாகட் எஃகை உருவாக்கியவர் உலோகவியலாளர் லாரின் தாமஸ். துருவும் பிடிக்காது, சட்டென்று தெறிக்கவும் செய்யாது. இப்படிப்பட்ட எஃகினால் வரும் லாபமே, விளிம்பை இன்னும் மெல்லிசாகச் சாணை பிடித்தாலும் தாங்கும் என்பதுதான். எஃகை மாற்றுவதைவிட விளிம்பின் கோணத்தைக் குறைப்பதுதான் வெட்டும் ஆயுளைக் கூட்டும் என்று அவரே தன் சோதனைகளை வைத்து எழுதியிருக்கிறார். முரட்டுக் கத்திக்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்த எஃகை வாங்கி அதே நாலு மில்லிமீட்டர் கட்டையில் போட்டு விலையை ஏற்றினார்கள். தங்கத்தில் அம்மிக்கல் செய்த கதை.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு நியாயமான வாதம் இருக்கிறது. முரட்டு வேலை இருக்கிறவன் மடங்காத கத்தியை வைத்துக்கொள்ளட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சுவீடனின் மோரா கம்பானியன் கத்திக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் கனம், விலையும் முரட்டு மடக்குக் கத்தியில் ஒரு சின்னப் பங்கு. ஆனால் கலிபோர்னியாவில் மடங்காத கத்தியை மறைத்து எடுத்துப் போகச் சட்டம் விடாது, மடக்கிய கத்தியைப் பாக்கெட்டில் வைக்கலாம். பிரிட்டனில் இன்னும் கெடுபிடி. தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க, அலகு மூன்று அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பூட்டே இருக்கக் கூடாது. ஆகவே ஒரே மடக்குக் கத்தியில் எல்லாவற்றையும் அடைக்கும் ஆசை புரிகிறது. புரிந்தாலும், கூடவே ஒரு சின்ன நெம்பியை வைத்துக்கொள்ள எந்த ஊரிலும் இவ்வளவு செலவாகாது.

அடுத்த ஜனவரியிலும் போட்டோ வரும். கூடவே விவரப் பட்டியலும் வரும்: நீளம், எடை, எஃகு, பூட்டு, முதுகுக் கனம். விளிம்புக்கு நேர் பின்னால் அலகு எவ்வளவு கனம் என்ற ஒரு எண் மட்டும் அநேகமாக இருக்காது. வெட்டுமா வெட்டாதா என்பதைச் சொல்லும் எண் அதுதான். முன்பதிவுப் பணம் கட்டுகிறவர்கள் அந்த எண்ணைக் கேட்டு ஒரு கடிதம் போடட்டும். பதில் வரும்வரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும், வட்டியாவது வரும்.